பேசும் டவர்: மாதச் சந்தா கட்டலாமா?

கணினியில் விமானம் ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டரோடு வருகிற டவரிடம், அதாவது விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திடம், நாம் வாய் திறக்கவே வேண்டாம். திரையில் காட்டும் பதில்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். எனக்கு அது ஒத்துவரவில்லை. வள்ளியூர் பக்கம் ஒற்றைப் பாதையில் ஸ்டேஷன் மாஸ்டராகக் காலம் தள்ளியவன் நான். வண்டியை அனுப்பலாமா என்று லைன் கிளியர் கேட்டால், அடுத்த ஸ்டேஷன்காரர் சம்மதத்துக்கு அடையாளமாக ஒரு பிரைவேட் நம்பர் தருவார். அதைத் திருப்பிச் சொல்லி ரிஜிஸ்டரில் எழுதிய பிறகுதான் வண்டி நகரும். அதனால், மைக்கில் பேசினால் காதில் வாங்கிப் பதில் சொல்லும் ஏடிசி (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) மென்பொருள் ஒன்று இருக்கிறது என்று மருமகன் சொன்னதும் சந்தா கட்டிவிட்டேன்.

முதலில் பயந்தது என் இங்கிலீஷுக்கு. பயப்பட வேண்டியிருக்கவில்லை. விமான ரேடியோவில் மூன்றை ‘ட்ரீ’ என்றும் ஒன்பதை ‘நைனர்’ என்றும்தான் சொல்ல வேண்டும். அந்த வழக்கத்தில் பேசினால் பாளையங்கோட்டை உச்சரிப்பும் அதற்குப் புரிகிறது. அது பேசும்போதுதான் நம் ஊர்ப் பெயர்களைக் கடித்துத் துப்புகிறது. போகட்டும்.

வழக்கமாகத் தூத்துக்குடி விமான நிலையமான வாகைக்குளத்தில் ஏடிஆர் 72 விமானத்தைக் கிளப்பிச் சென்னை போவேன். (அங்கே 2025 ஜூலையில் புது முனையம் திறந்தாயிற்று, என் சிமுலேட்டரில் இன்னும் பழைய 1350 மீட்டர் ஓடுபாதைதான்.) நிஜ வானிலையைப் போட்டுப் பார்த்தேன். ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடிக்க, டவர் சரியாக மேற்கு நோக்கிய 28ஆம் ஓடுபாதையைக் கொடுத்தது. காற்றழுத்தத்தை இங்கே ஹெக்டோபாஸ்கலில் சொல்கிறது, அமெரிக்காவில் கிளம்பினால் பாதரச அங்குலக் கணக்குக்கு மாறிக்கொள்கிறது. செய்தவர்களுக்கு வேலை தெரியும்.

ஆனால் நான் பார்க்க விரும்பியது வேறு. நாம் தப்பாகத் திருப்பிச் சொன்னால் பிடிக்கிறதா? ரேடாரில் நம் விமானத்தை அடையாளம் காட்டும் ஸ்குவாக் எண் 4271 என்றது. வேண்டுமென்றே 4217 என்றேன். உடனே பிடித்துத் திருத்தியது. சபாஷ். ஓடுபாதை எண்ணை மாற்றிச் சொன்னேன், அதையும் பிடித்தது. அப்புறம் ஏழாயிரம் அடிக்கு ஏறச் சொன்னபோது எட்டாயிரம் என்றேன். ‘ரீட்பேக் கரெக்ட்’, திருப்பிச் சொன்னது சரி என்றது! மறுபடி சொன்னேன், அதே பதில். எட்டாயிரத்துக்கு ஏறியதும், சொன்ன உயரத்தில் ஏன் இல்லை என்று என்னையே அதட்டுகிறது. “தாத்தா, யார்ட்ட சண்டை போடுதிய?” என்று பேத்தி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். குரல் எவ்வளவு இனிமையாக இருந்து என்ன, தப்பைக் காதில் வாங்காத ஆளை டவரில் உட்கார வைக்கலாமா? எங்கள் வேலையில் அவருக்கு அன்றைக்கே சார்ஜ் ஷீட்.

இன்னொரு குறை, பலர் இதைக் குறையாகவே நினைக்கமாட்டார்கள். இதில் யாரும் யார் பேச்சிலும் குறுக்கிடுவதில்லை. நிஜத்தில் ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பட்டனை அமுக்கினால் இரண்டும் சிதைந்து கீச்சொலிதான் கேட்கும். 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரீஃப் தீவில் அப்படித்தான் நடந்தது. டவர் காத்திருக்கச் சொன்னதும், பான் ஆம் விமானம் ‘இன்னும் ஓடுபாதையில் இருக்கிறோம்’ என்றதும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, ஓடத் தொடங்கியிருந்த கேஎல்எம் விமானிகளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. இரண்டு விமானங்களும் மோதி 583 உயிர் போனதற்கு இருந்த பல காரணங்களில் அதுவும் ஒன்று. இந்த மென்பொருளில் மற்ற விமானங்கள் எல்லாம் ரேஷன் கடை வரிசை மாதிரி முறை வைத்துப் பேசுகின்றன. நெரிசலைக் கூட்டிக்கொள்ள ஒரு அமைப்பாவது தந்திருக்கலாம்.

பேச்சு இணையம் வழியாகப் போய் வருவதால் பதில் வரச் சில நொடி ஆகிறது. மேலே பறக்கும்போது தெரியாது. இறங்குகிற நேரத்தில் கை பரபரக்கும். காற்றுக் காலத்தில் இங்கே கரண்ட் போனால் மோடமும் போகும், டவர் ஊமையாகிவிடும். மோடத்துக்கும் யுபிஎஸ் வையுங்கள்.

காசே வேண்டாம் என்றால் 2001இலிருந்து நடக்கும் வாட்சிம் என்ற இணைய வலையமைப்பு இருக்கிறது. அங்கே டவரில் நிஜ மனிதர்களே தன்னார்வமாக உட்கார்கிறார்கள். நாம் பறக்கும் நேரத்தில் நமக்கு வேண்டிய டவரில் ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதை வாங்குகிறவர்கள் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். வருடச் சந்தாவுக்குத் தள்ளுபடி காட்டுகிறார்கள். அந்த உயரக் கோளாறைச் சரிசெய்யும்வரை அந்தப் பக்கம் போக வேண்டாம்.