சி63, ஜிஆர் யாரிஸ், ஐயோனிக் 5 என்: ஓட்டுபவரை யார் நினைத்தார்கள்?

வெள்ளவத்தையில் கார்ப் பைத்தியங்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் போவதில்லை: வேகக் கார் செய்யும் கம்பனிகள் ஓட்டுகிறவர்களைக் கைவிட்டுவிட்டனவா? கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. இங்கே லான்சர் என்றால் எத்தனை குடும்பங்களுக்குப் பாசம்! அதன் ராலிப் போட்டி வாரிசான எவொலூஷனை மிட்சுபிஷி நிறுத்திவிட்டது. எக்லிப்ஸ் என்ற ஸ்போர்ட்ஸ் காரின் பெயரை 2017இல் ஓர் எஸ்யூவிக்குச் சூட்டியது. ஆனாலும் எல்லாரையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. மூன்று கார்களை எடுத்துப் பார்ப்போம்.

முதலில் மெர்சிடிஸ் ஏஎம்ஜி சி63. பழைய சி63இன் உயிரே 4 லீற்றர் வி8, அதாவது எட்டுச் சிலிண்டர் எஞ்சின்தான். அந்தச் சத்தத்துக்காகவே அதை வாங்கியவர்கள் உண்டு. 2022இல் அறிமுகமான புதியதில் அதை எடுத்துவிட்டு, 2 லீற்றர் நாலு சிலிண்டர் எஞ்சினையும் பின் அச்சில் ஒரு மின்மோட்டாரையும் வைத்தார்கள். வலு 510 குதிரையிலிருந்து 680க்கு ஏறியது. எடை 2,100 கிலோவைத் தாண்டியது. ஐரோப்பாவில் ஒரு கம்பனி விற்கும் புதிய கார்களின் சராசரிக் கரியமில வாயுவுக்கு வரம்பு இருக்கிறது, மீறினால் தண்டப்பணம். அந்த நெருக்கடி எனக்கும் விளங்குகிறது. பொறியியலாகப் பார்த்தால் அந்த எஞ்சின் பெரிய சாதனை என்பதையும் மறுக்கமாட்டேன். ஆனால் சி63 வாங்குகிறவர் கேட்டது இன்னும் 170 குதிரையை அல்ல. கேட்காததைக் கொடுத்து, கேட்டதைப் பறித்துக்கொண்டார்கள்.

டொயோட்டா ஜிஆர் யாரிஸ் இதற்கு நேர் எதிர். 2020இல் வந்தது. 1.6 லீற்றர், மூன்றே சிலிண்டர், டர்போ, நாலு சில்லுக்கும் வலு, 6 கியர் மெனுவல், எடை சுமார் 1,280 கிலோ. உலக ராலிப் போட்டிக்காகப் பிறந்த கார் என்பது சின்னச் சின்ன இடங்களில்தான் தெரியும். ஹேண்ட்பிரேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று பெரும்பாலான கார்களில் அது ஒரு பொத்தான். இதில் கையால் இழுக்கும் பிடி. இழுத்ததும் பின்சில்லுகளுக்குப் போகும் வலு துண்டிக்கப்படும். அதனால் நாலு சில்லு இழுவைக் காராக இருந்தும் குறுகிய வளைவில் வாலை வீசித் திருப்பலாம். 2024இல் காரைத் திருத்தியபோது டாஷ்போர்டின் கட்டுப்பாடுகளை ஓட்டுநர் பக்கம் 15 பாகை சாய்த்தார்கள், இருக்கையைத் தாழ்த்தினார்கள். போட்டியில் ஓட்டுகிறவர்கள் சொன்னதைக் கேட்டுச் செய்த வேலை இது. தலைவராக இருந்த அகியோ டொயோடா தானே போட்டிகளில் ஓட்டுகிறவர். அது காரில் தெரிகிறது.

அப்படியானால் மின்சாரம்தான் குற்றவாளியா? இல்லை. ஹூண்டாய் ஐயோனிக் 5 என் முழு மின்கார், எடை 2,200 கிலோ அளவில், உச்ச வலு 650 குதிரை. கியர் பெட்டியே இல்லாத இதில் 8 கியர் இருப்பதுபோல மோட்டாரை நடிக்க வைத்திருக்கிறார்கள். கியர் மாற்ற மறந்தால், பெற்றோல் எஞ்சின் சுழற்சி வரம்பில் முட்டுவதுபோலத் தடுமாறும். பொய்க் கியர் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அதில் கரிசனைதான் தெரிகிறது. ஓட்டுகிறவரின் கைக்கு ஒரு வேலை வேண்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.

போர்ஷ் கம்பனியும் இங்கே நினைவுக்கு வருகிறது. 2013இல் 911 ஜிடி3 என்ற ஸ்போர்ட்ஸ் காரை மெனுவல் இல்லாமல் விட்டது. எதிர்ப்பு வந்ததும் 2017இல் திருப்பிக் கொடுத்தது. கேட்கும் காது இருந்தால் திருந்தலாம்.

சரி, கொழும்பில் இருந்து பார்த்தால்? காலி வீதியில் மாலை நேரத்தில் 680 குதிரையும் 68 குதிரையும் ஒன்றுதான். அதிவேகப் பாதையிலும் 100தான் எல்லை. நமக்கு ருசி கிடைப்பது றம்பொடை மலை வளைவுகளில், இரண்டாம் கியருக்கும் மூன்றாம் கியருக்கும் நடுவே, 40 கிலோமீற்றர் வேகத்தில். அங்கே ஸ்டியரிங் கையோடு பேச வேண்டும், கிளச் எங்கே பிடிக்கிறது என்று கால் அறிய வேண்டும். பாரமான காரில் முதலில் தொலைவது இதுதான்.

அப்புறம் வரி. 2020இல் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்தது, ஆனால் பெற்றோல் காருக்கு எஞ்சின் கொள்ளளவான சிசி கணக்கிலும் மின்காருக்கு மோட்டார் வலுவான கிலோவாட் கணக்கிலும் வரி. ஐயோனிக் 5 என் போன்ற வலுவான மின்கார் அந்தக் கணக்கில் வசமாக மாட்டிக்கொள்ளும். 1.6 லீற்றருக்குச் சுமை ஒப்பீட்டளவில் குறைவு, மலிவு என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

ஆகவே என் வாக்கு யாரிஸுக்கு, அதுவும் மெனுவலுக்கு. 2024 முதல் 8 கியர் ஓட்டோவும் வருகிறது. தினமும் நெரிசலில் மாட்டுகிறவர் அதை எடுத்தால் குறை சொல்லமாட்டேன். ஆனால் இரண்டில் எதையும் ஓட்ட முடிந்தவர்கள் தயவுசெய்து மெனுவலையே வாங்குங்கள். கம்பனிகள் நம் புலம்பலை எண்ணுவதில்லை, விற்ற கார்களைத்தான் எண்ணுகின்றன.