கிராஜுவிட்டி வாங்கித் தருவதாகச் சொல்லி 14,500 ரூபாயை ஏமாற்றிவிட்டார்கள்: கடலூர், புதுச்சேரி கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள் கவனிக்கவும்

இன்று மதியம் புதுச்சேரி தொழிலாளர் துறை அலுவலகத்தில், "உங்க பேர்ல மனுவே வரலையேம்மா" என்றார்கள். வீட்டுக்கு வந்தும் படபடப்பு அடங்கவில்லை. இதே சூட்டில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

எனக்கு வீடு கடலூர் முதுநகர். புதுச்சேரி கன்னியக்கோயில் பக்கம் ஒரு மருந்து கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் 6 வருஷம் 8 மாதம் வேலை செய்தேன். மாமியார் படுத்த படுக்கையானதால் தை மாதம் ராஜினாமா கொடுத்தேன். கிராஜுவிட்டி, அதாவது பல வருஷம் வேலை செய்துவிட்டு விலகும்போது கம்பெனி மொத்தமாகத் தர வேண்டிய பணிக்கொடை, கேட்டதற்கு, "நீங்களா விட்டுட்டுப் போனா அதெல்லாம் கிடையாது" என்று கம்பெனி ஆபீசில் சொன்னார்கள். அது பொய். தொடர்ந்து 5 வருஷம் முடித்தவர் தானே வேலையை விட்டாலும் கிராஜுவிட்டி உண்டு.

அந்த நேரத்தில்தான் கடலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மாடியில் இருக்கிற ஒரு ஆலோசனை மையத்துக்குப் போனேன். பி.எஃப்., இ.எஸ்.ஐ., கிராஜுவிட்டி, லேபர் கேஸ் எல்லாம் பார்த்துத் தருவதாக போர்டு இருக்கும். பெயர் போடவில்லை, போலீஸில் புகார் கொடுக்கப் போகிறேன்.

நான் நம்பிய நிமிஷத்தைச் சொல்லியாக வேண்டும். அங்கே இருந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். என் சம்பளச் சீட்டை வாங்கிப் பார்த்தார். சுவரில் இருந்த காலண்டரில் பழைய தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கம் பேனாவால் எழுதினார். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 13,000. அதை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் 7,500. அது ஒரு வருஷத்துக்கு. 6 வருஷத்துக்கு மேல் 8 மாதம் இருப்பதால் அதையும் ஒரு முழு வருஷமாக எடுக்க வேண்டும், ஆக 7. மொத்தம் 52,500 என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார். "உன் வேர்வைக் காசும்மா இது. நீ என் தங்கச்சி மாதிரி, விட மாட்டேன்" என்றார். அங்கேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒன்றுமே கிடையாது என்று கம்பெனி சொன்ன இடத்தில், ஒரு மனுஷன் கணக்குப் போட்டு இவ்வளவு வரும் என்று காட்டினால் எப்படி நம்பாமல் இருப்பது? அந்தக் கணக்கு சரிதான். இன்று அலுவலகத்திலும் அதே 52,500தான் சொன்னார்கள். சட்டம் அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் செய்திருக்கிறார்.

அப்புறம் பயமுறுத்த ஆரம்பித்தார். 2025 நவம்பர் 21 முதல் நாலு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டன, பழைய ஃபாரம் எதுவும் செல்லாது, கம்பெனி புதுச்சேரியில் இருப்பதால் கடலூரில் மனு வாங்க மாட்டார்கள், உனக்கு அலைய முடியாது என்றார். முதலில் 8,500 கொடுத்தேன். பத்து நாள் கழித்து ஸ்டாம்ப் செலவு என்று 6,000. தோட்டை அடகு வைத்துத்தான் கொடுத்தேன். ஆக 14,500 ரூபாய். கையில் பணமாகக் கொடுத்தேன், ரசீது கேட்டதற்கு "கேஸ் முடியட்டும்மா, மொத்தமா போட்டுத் தரேன்" என்றார்.

பிறகு நடந்தது எல்லாம் போன்தான். ஆபீசர் லீவு என்பார். ஃபைல் மேலே போயிருக்கிறது என்பார். கம்பெனிக்கு நோட்டீஸ் போய்விட்டது, அவர்கள் வாய்தா கேட்கிறார்கள் என்பார். நேரில் போனால் அங்கே வேலை பார்க்கிற பெண், "சார் பாண்டிக்குப் போயிருக்காருக்கா, உங்க விஷயமாத்தான்" என்பாள். ஒரு நாள் கோபமாகப் பேசியதும் வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்பீடு போஸ்ட் ரசீதின் படம் அனுப்பினார். நாலு நாள் நிம்மதியாக இருந்தேன். பையன் அந்த நம்பரை இணையத்தில் போட்டுப் பார்த்தான். தபால் நெய்வேலியில் டெலிவரி ஆகியிருக்கிறது. புதுச்சேரிக்குப் போக வேண்டிய மனு நெய்வேலிக்கு எதற்குப் போகிறது? அதைக் கேட்டதும், "பணத்தைத் திருப்பிக் கேட்டா கேஸ் கெட்டுப்போயிடும், பார்த்துக்கோ" என்றார். அதற்குப் பிறகு போன் எடுக்கவே இல்லை. 14,500 ரூபாய்!

இன்று நானே பஸ் பிடித்து வழுதாவூர் சாலையில் இருக்கிற தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போனேன். அரை மணி நேரம் உட்கார வைத்துப் பொறுமையாகப் பேசினார்கள். மனு கொடுக்க ஒரு ரூபாய் கட்டணம் கிடையாதாம். ஸ்டாம்ப்பும் கிடையாதாம். புதிய சட்டத்திலும் 5 வருஷம், 15 நாள் சம்பளம், 26ஆல் வகுப்பது எதுவும் மாறவில்லை. ஒரு வருஷம் போதும் என்று எல்லாரும் பேசுகிறார்களே, அது குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் ஒப்பந்தம் போட்டு வேலைக்கு எடுத்தவர்களுக்கு. நாம் கேட்காவிட்டாலும் கம்பெனியே கணக்குப் போட்டு 30 நாளில் கொடுக்க வேண்டும், தாமதமானால் வட்டியோடு. இதெல்லாம் தெரிந்திருந்தால் அந்த மாடிப்படி ஏறியிருக்கவே மாட்டேன். இத்தனை மாதம் மனு போடாததற்குக் காரணத்தை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். ஏமாந்ததை எழுதிக் கொடுக்க வேண்டும்.

விவரமாக எழுதுவதாகச் சொன்னேன், முடியவில்லை, தலை வலிக்கிறது. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். கம்பெனி எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர் தொழிலாளர் துறைக்கு நீங்களே போங்கள். புதுச்சேரி எல்லையில் இருக்கிற முள்ளோடை தாண்டி வேலை செய்கிற கடலூர்க்காரர்கள் புதுச்சேரிக்குத்தான் போக வேண்டும். வக்கீல் வேண்டுமென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசம், 15100க்கு போன் போட்டால் சொல்வார்கள். ரசீது தராதவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

ஒரிஜினலையும் யாரிடமும் கொடுக்காதீர்கள், ஜெராக்ஸ் போதும். என் வேலை உத்தரவும் கடைசி 11 மாதச் சம்பளச் சீட்டும் அந்த மாடியில் அவர் பீரோவில்தான் இருக்கின்றன. நாளைக் காலையில் பையனைக் கூட்டிக்கொண்டு முதலில் அதை வாங்கத்தான் போகிறேன்.