சில்க் பூ அலங்காரம்: முதல் ஜாடிக்கு எதை எடுப்பது, எதை விடுவது

நவராத்திரிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே மும்பையில் செம்பூர், மாட்டுங்கா பக்கம் இந்தப் பேச்சு தொடங்கிவிடும். கொலுப் படிக்கு இரண்டு பக்கமும் வைக்க வேண்டும், சீர்த் தட்டு அலங்கரிக்க வேண்டும், சில்க் பூ அடுக்கக் கற்றுக்கொள்ள எங்கிருந்து ஆரம்பிப்பது? சாமிக்குச் சாத்த மாட்டுங்கா பூக்கடை மல்லியும் கதம்பமும்தான், அதில் மாற்றமில்லை. இது கூடத்துக்கும் வாசலுக்குமான வேலை.

நிஜப் பூ நான்கு நாளில் வாடிவிடும். அடுத்த வாரம் வேறு பூ, வேறு அடுக்கு என்று கை தானாகப் பழகும். சில்க் பூவுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. ஒருமுறை வைத்தது வருடக்கணக்கில் அப்படியே நிற்கும், கையும் அங்கேயே நின்றுவிடும். அதனால் புதிதாகப் பழகுகிறவர் எந்தப் பொருளை எடுத்தாலும் முதலில் ஒன்றைக் கேட்க வேண்டும்: இதைக் கலைத்து மறுபடி வைக்க முடியுமா? நான் இங்கே ஒன்றைத் தேர்ந்து இன்னொன்றைத் தள்ளுவதெல்லாம் இந்தக் கேள்வியை வைத்துத்தான்.

கொத்தா, தனித் தண்டா

கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டுவது கொத்துதான். ஒரே காம்பில் ஏழெட்டுக் கிளை, கிளைக்கு ஒரு பூ. விலை குறைவு, ஜாடியில் செருகியதும் நிறைந்துவிடும். ஆனால் எல்லாக் கிளையும் ஒரே இடத்திலிருந்து பிரிவதால் பூக்கள் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கும், ஒன்றை மட்டும் பின்னால் தள்ள முடியாது. கிளைகளைத் தனித்தனியாக வெட்டலாமே என்றால், காம்பு குட்டையாகிவிடும். அப்புறம் கம்பி சேர்த்து, பச்சை டேப் சுற்றி நீட்ட வேண்டும். அது கை பழகியவர் செய்யும் வேலை.

தனித் தண்டுக்குக் காசு கூட ஆகும். இருந்தாலும் முதல் ஜாடிக்கு அதுதான். பெரிய பூ மூன்று, நடுத்தரப் பூ ஐந்து, இலைத் தண்டு நான்கு இருந்தால் போதும். காசு இடித்தால் பூவைக் குறையுங்கள், இலையைக் குறைக்காதீர்கள். ஜாடிக்குள் தண்டைப் பிடித்து நிறுத்தும் கம்பி வலையையும் ஃபோம் கட்டியையும் மறைப்பது இலை, அடுக்கின் அகலத்தை முடிவு செய்வதும் இலை. இலை இல்லாமல் பன்னிரண்டு ரோஜாவை நெருக்கி வைத்தால் கடை ஷோகேஸ் போல இருக்குமே தவிர, அலங்காரம் ஆகாது.

துணியா, பிளாஸ்டிக்கா, லேடெக்ஸ் என்ற ரப்பர் பூச்சா என்பது அடுத்த குழப்பம். பிளாஸ்டிக்கைக் கழுவலாம், பால்கனியில் வைக்கலாம், ஆனால் இதழ் விறைப்பாக இருக்கும். லேடெக்ஸ் பூச்சுப் பூ தொட்டால் நிஜம் மாதிரியே இருக்கும், விலையும் அதற்கேற்ற மாதிரி. பழகுகிறவருக்குத் துணிதான் நல்லது. இன்று சில்க் பூ என்று விற்பதில் பெரும்பாலானவை பாலியெஸ்டர். பெட்டியில் நசுங்கி வந்தால்கூட லேசாக ஆவி காட்டி, விரலால் விரித்தால் நேராகிவிடும். இஸ்திரிப் பெட்டியை நேராக வைத்தால் உருகிப்போகும், ஜாக்கிரதை. வாங்கும்போது தண்டைக் கொஞ்சம் வளைத்துப் பாருங்கள். வளைத்தபடி நின்றால் உள்ளே கம்பி இருக்கிறது. திரும்ப நிமிர்ந்துகொண்டால் அந்தத் தண்டு வேண்டாம்.

தண்டைப் பிடித்து நிறுத்துவது எது

எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு ஃபோம் என்பார்கள். ஃபோமில் இரண்டு வகை உண்டு, கடைகளில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும். பச்சை ஃபோம் நிஜப் பூவுக்கானது. 1954ல் அமெரிக்காவின் ஸ்மிதர்ஸ் ஒயாசிஸ் நிறுவனம் கொண்டுவந்தது. தண்ணீரில் ஊறினால்தான் அதற்கு வேலை. காய்ந்தபடியே சில்க் பூவின் கம்பித் தண்டைக் குத்தினால் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். அந்தப் பொடி பிளாஸ்டிக் துகளாக மண்ணிலும் நீரிலும் கலக்கிறது என்பதால், இங்கிலாந்தின் ராயல் ஹார்டிகல்ச்சரல் சொசைட்டி தன் மலர்க் கண்காட்சிகளில் 2021 முதல் அதற்கு இடம் கொடுப்பதில்லை.

செயற்கைப் பூவுக்கு உரியது சாம்பல் அல்லது பழுப்பு நிற ஃபோம். இது கெட்டியானது, கம்பியை இறுக்கிப் பிடிக்கும். வெட்டும்போது முகக் கவசம் போட்டுக்கொள்ளுங்கள், பொடி மூக்கில் ஏறும். முடிவான அலங்காரத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன், பழகுவதற்கு இல்லை. குத்திய ஓட்டை குத்தியபடியே இருக்கும். தண்டை எடுத்து எடுத்து வைத்தால் கட்டி சல்லடையாகி, பிடிமானம் போய்விடும். ஓட்டை விழுமே என்ற பயத்திலேயே ஆரம்பக்காரர்கள் வைத்த தண்டை நகர்த்துவதில்லை. அதுதான் எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது.

தெர்மோகோல் பேச்சுக்கே இடமில்லை. மகாராஷ்டிர அரசு 2018ல் கொண்டுவந்த பிளாஸ்டிக் தடையில் அலங்காரத் தெர்மோகோலும் அடக்கம். அந்த வருடக் கணபதி விழாவுக்காவது விட்டுக் கொடுங்கள் என்று போனவர்களுக்கு பம்பாய் உயர் நீதிமன்றமும் இடம் தரவில்லை. தடை இல்லாவிட்டாலும், சூடான க்ளூ பட்டால் அது உருகிக் குழியாகிவிடும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கனமாக உட்காரும், உயரமான செயற்கை மரத்துக்குச் சரி. ஆனால் இறுகிவிட்டால் இறுகியதுதான். இறுகும்போது சூடாகிக் கொஞ்சம் உப்பும், மெல்லிய கண்ணாடி ஜாடி விரிசல் விடலாம்.

கணபதி சமயத்தில் மும்பையில் பிள்ளையார் சிலை செய்யும் ஷாடு களிமண் சுலபமாகக் கிடைக்கும். ஜாடிக்குள் பிளாஸ்டிக் உறை போட்டு அந்த மண்ணை அமுக்கினால், ஈரம் இருக்கும் வரை தண்டை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும், தண்டு ஆடும். ஈர மண்ணில் கம்பியின் வெட்டு முனையும் துருப்பிடிக்கும். ஒரு மாலைப் பயிற்சிக்கு நல்லது, அவ்வளவுதான். ஜப்பானியப் பூ அலங்காரமான இகெபானாவில் வைக்கும் முள் தகடு உயிர்ப் பூவின் காம்புக்கானது. பிளாஸ்டிக் தோல் போர்த்திய கம்பி அந்த முள்ளில் சரியாக ஏறாது.

என் ஓட்டு கோழிவலைக்கு, அதாவது கோழிக்கூண்டுக்கு அடிக்கும் கம்பி வலைக்கு. ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். துத்தநாகம் பூசியதாகப் பார்த்து வாங்குங்கள். கைக்கு உறை போட்டுக்கொண்டு தளர்வான உருண்டையாகச் சுருட்டி ஜாடிக்குள் இறக்குங்கள். தண்டு வலையின் மேலடுக்கிலும் கீழடுக்கிலும் நுழைந்து இரண்டு இடத்தில் பிடிபடும். வேண்டாமென்றால் உருவி எடுத்து வேறு கண்ணில் விடலாம். நூறு முறை செய்தாலும் வலைக்கு ஒன்றும் ஆகாது. ஜாடி சாயாமல் இருக்க அடியில் கூழாங்கல் போட வேண்டும். தட்டையான சீர்த் தட்டுக்கு மட்டும் வலை சரிப்படாது, அங்கே ஃபோம்தான். வலையில் ஒரு வடிவம் பிடிபட்ட பிறகு, அதே அடுக்கைச் சாம்பல் ஃபோமுக்கு மாற்றுங்கள். மழைக்காலத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, ஜன்னல் ஓரச் சாரல் படாமல் ஜாடியைத் தள்ளியே வையுங்கள்.

ஜாடி கண்ணாடியாக இருக்கக் கூடாது, வலை தெரியும். நாலு அங்குல வாய் உள்ள பீங்கானோ பித்தளையோ போதும். அடுக்கின் உயரம் ஜாடியைப் போல ஒன்றரை மடங்கு என்பது பொதுவான கணக்கு. தண்டு அதைவிட நீளமாக இருந்தால் உடனே வெட்டாதீர்கள், அடிப்பகுதியை வளைத்து ஜாடிக்குள் மடக்கிவிடுங்கள். வெட்டியே ஆக வேண்டுமென்றால் கட்டிங் பிளேயர் வேண்டும். கத்தரிக்கோலால் வெட்டினால் கத்தரிக்கோல் வீணாகிவிடும்.

எங்கே வாங்குவது, யாரிடம் கற்பது

தென் மும்பையில் கிராஃபோர்ட் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள சந்துகளுக்கு ஈடு கிடையாது. ஒரே ரோஜா பல சாயலில் இருக்கும், தொட்டு வளைத்துப் பார்க்கலாம். சில கடைகளில் டஜனுக்குக் குறைந்து தரமாட்டார்கள், அப்போது இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்வது வழக்கம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான மொத்தக் கடைகள் மூடியிருக்கும். கணபதிக்கு முந்தைய வாரங்களில் நிற்கவே இடம் இருக்காது. ஆன்லைனில் வாங்கினால் படத்தில் இருப்பது கையால் விரித்து வைத்த பூ, உங்களுக்கு வருவது மடங்கிய பூ. பூவின் குறுக்களவும் தண்டின் நீளமும் சென்டிமீட்டரில் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பேட்டைக் கடையில் வகை குறைவு, ஆனால் குறைகிற ஒரு தண்டுக்காக அந்தச் சந்துகளுக்குப் பக்கத்து ஸ்டேஷனான மஸ்ஜித் பந்தர் வரை ரயிலேற வேண்டாம்.

வீடியோவில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம், செலவில்லை. ஆனால் கேமரா எப்போதும் முன்பக்கமே நிற்கும். பின்பக்கம் எப்படி மூடினார்கள், தண்டு எந்தக் கோணத்தில் உள்ளே போனது என்பது தெரியாது. வகுப்பில் அதைக் கண்ணால் பார்க்கலாம், தப்பான கோணத்தை ஆசிரியர் கையைப் பிடித்துத் திருத்துவார். அதற்காகவே வகுப்பு நல்லது என்பேன். ஆனால் பல ஒருநாள் வகுப்புகளில் எல்லாருக்கும் ஒரே பெட்டி, ஒரே வடிவம். கடைசியில் க்ளூ கன்னால் ஒட்டி, போட்டோ எடுத்து அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்கு வந்து அதைக் கலைத்துப் பார்க்க வழியில்லை. ஆகவே பணம் கட்டுவதற்கு முன் இரண்டு விஷயம் கேளுங்கள்: பூவை ஒட்டுவீர்களா, செருகுவீர்களா? நான் வைத்ததைக் கலைத்து இரண்டாவது முறை வைக்க நேரம் தருவீர்களா? செருகுவோம், நேரம் தருவோம் என்றால் சேருங்கள். இல்லையென்றால் அந்தக் கட்டணத்துக்கு இன்னொரு டஜன் தண்டு வாங்கிக்கொண்டு, கோழிவலையோடு வீட்டிலேயே உட்காருங்கள்.