கடல் கடந்த ஊழியம்: இரண்டு வாரமா, இரண்டு வருடமா, வேலையோடு சேர்த்தா?

ஓசூரிலிருந்து பெங்களூரு 40 கிலோமீட்டர்தான். இறையியல் கல்லூரிகளும் மிஷனெரி நிறுவனங்களின் அலுவலகங்களும் அங்கே நிறைய. அங்கிருந்து வரும் பிரசங்கியார்கள் கிருஷ்ணகிரி, தர்மபுரி வாலிபர் கூட்டங்களில் பேசி முடித்ததும் பிள்ளைகள் எழுந்து நின்று வெளிநாட்டு ஊழியத்துக்குத் தங்களை ஒப்புக்கொடுக்கிறார்கள். அந்த ஒப்புக்கொடுத்தலை நான் மதிக்கிறேன். ஆனால் எந்த வழியில் போவது என்று வரும்போது பெரும்பாலும் முதலில் கிடைத்த வழியிலேயே போய்விடுகிறார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் திறந்திருப்பவை மூன்று வழிகள். மூன்றும் ஒன்றல்ல.

எளிதாகக் கிடைப்பது இரண்டு வாரப் பயணம். நேபாளத்துக்குப் போக இந்தியருக்கு விசா வேண்டாம், வாக்காளர் அட்டையே போதும். அதனால் குழுக்கள் அங்கேதான் அதிகம் போக விரும்புகின்றன. எனக்குப் பயமும் அங்கேதான். 2017-ல் இயற்றப்பட்டு 2018 ஆகஸ்ட்டில் நடைமுறைக்கு வந்த நேபாளக் குற்றவியல் சட்டத்தின்படி, ஒருவரை மதம் மாற்றினால் 5 ஆண்டு வரை சிறையும் 50,000 நேபாள ரூபாய் வரை அபராதமும் உண்டு. வெளிநாட்டவரைத் தண்டனைக்குப் பின் நாடு கடத்துவார்கள். துண்டுப்பிரசுரம் கொடுத்துவிட்டு நாம் ரயிலேறி விடுவோம். காவல் நிலையத்தில் பதில் சொல்லப்போவது நம்மை அழைத்த உள்ளூர்ப் போதகர். சுற்றுலா விசாவில் இந்தியா வரும் வெளிநாட்டவர் இங்கே பிரசங்கம் செய்தால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். அதே கண்ணோடு நம் பயணத்தையும் பார்க்க வேண்டும்.

மொழி அடுத்த தடை. ஒவ்வொரு வாக்கியத்தையும் இன்னொருவர் மொழிபெயர்க்கக் காத்திருப்பதால் பேசும் நேரம் பாதியாகிறது. கூட்டம் முடிந்தபின் ஒரு தாயிடம் தனியாக உட்கார்ந்து பேசவும் முடிவதில்லை.

இதில் ஒரு விலக்கு, இலங்கை மலையகம். 19-ஆம் நூற்றாண்டில் அங்கே காப்பித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் கூலிகளாகப் போனவர்களில் பழைய சேலம் ஜில்லாக்காரர்களும் உண்டு. தர்மபுரி 1965-ல் சேலத்திலிருந்தும், கிருஷ்ணகிரி 2004-ல் தர்மபுரியிலிருந்தும் பிரிந்தவை. அப்படிப் பார்த்தால் அவர்கள் நம் மண்ணின் சொந்தக்காரர்கள். லயன் வீட்டுப் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்த மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. இரண்டு வாரம்தான் முடியும் என்றால் அங்கே போங்கள். அங்குள்ள திருச்சபை முறைப்படி அழைக்கட்டும், எந்த விசா என்பதையும் அவர்களே கேட்டுச் சொல்லட்டும்.

இரண்டாவது வழி கப்பல். ஓஎம் (ஆப்பரேஷன் மொபிலைசேஷன்) என்ற மிஷனெரி அமைப்பு 1970-ல் லோகோஸ் கப்பலை வாங்கியது. அது 1988-ல் தென் அமெரிக்காவின் தென்கோடியில் பாறையில் ஏறி நின்றுவிட்டது; கப்பலில் இருந்த எல்லோரும் உயிரோடு கரை சேர்ந்தார்கள். 2009 முதல் லோகோஸ் ஹோப் ஓடுகிறது. துறைமுகம் துறைமுகமாகப் போய்ப் புத்தகக் கண்காட்சி நடத்துவார்கள், கரையில் இறங்கி ஊழியம் செய்வார்கள். கேப்டன் முதல் சமையலறைப் பையன் வரை யாருக்கும் சம்பளம் கிடையாது. வழக்கமாக இரண்டு வருட ஒப்பந்தம்.

நம் பகுதிக்கு இது நன்றாகப் பொருந்தும் என்பது என் கணிப்பு. கப்பலுக்குப் பிரசங்கியாரைவிட எலக்ட்ரீஷியனும் ஃபிட்டரும் வெல்டரும்தான் அதிகம் தேவை. ஓசூர்த் தொழிற்சாலைகளை நம்பி ஐடிஐ, பாலிடெக்னிக் படித்த பிள்ளைகள் நம் சபைகளில் எத்தனை பேர்! ஊழியம் என்றால் மைக் பிடிப்பது என்று எண்ணித் தங்களைத் தகுதியற்றவர்களாக ஒதுக்கிக்கொண்ட பிள்ளைகள் அவர்கள். நர்சிங் படித்த தங்கைகள் மெர்சி ஷிப்ஸ் மருத்துவமனைக் கப்பல்களைப் பற்றி விசாரிக்கலாம். 1978-ல் தொடங்கிய அந்த அமைப்பு ஆப்பிரிக்கத் துறைமுகங்களில் இலவச அறுவைச் சிகிச்சை செய்கிறது. அங்கும் தன்னார்வலர்தான், பயணச் செலவையும் நாமே சுமக்க வேண்டும். ஆப்பிரிக்கா போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னதாகப் போட்டுக்கொள்ள வேண்டும். சென்னை கிண்டி கிங் ஆய்வகத்தில் போடுகிறார்கள். ஒருமுறை போட்டால் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும்.

கப்பலில் தடுமாற்றம் பணத்தில்தான். இரண்டு வருடம் வீட்டுக்கு வருமானம் வராது; கூடவே மாதாமாதம் சபை தாங்க வேண்டும். நம் சபைகளின் காணிக்கை மழையோடும் மா விளைச்சலோடும் ஏறி இறங்கும். வழியனுப்பு ஆராதனையில் கைநிறைய வாக்குக் கொடுத்துவிட்டு, மா காய்க்காத வருடத்தில் அனுப்பாமல் விட்ட சபையை எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை நடுக்கடலில் யாரிடம் கேட்கும்?

மூன்றாவது வழியை ஊழியம் என்று யாரும் அழைப்பதில்லை. பென்னாகரத்திலிருந்தும் ஊத்தங்கரையிலிருந்தும் வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறார்களே, அந்த வழி. கொரிந்துவில் பவுல் ஆக்கில்லாவோடு தங்கிக் கூடாரம் பண்ணும் தொழில் செய்தார். அங்கே ஒன்றரை வருடம் இருந்தார் என்று அப்போஸ்தலர் 18-ல் வாசிக்கிறோம். துபாயிலும் குவைத்திலும் ஆலய வளாகங்கள் உண்டு. ஒரே வளாகத்தில் பல மொழிச் சபைகள் மாறி மாறிக் கூடுகின்றன, தமிழ்ச் சபைகளும் உண்டு. சவூதியில் ஆலயமே கிடையாது. இஸ்லாமியரை மதம் மாற்ற முயல்வது இந்நாடுகளில் குற்றம், அதில் விளையாடக் கூடாது. ஆனால் லேபர் கேம்ப்பில் காய்ச்சலோடு படுத்திருக்கும் நம் ஆளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்க எந்தச் சட்டமும் குறுக்கே வராது. ஏஜென்ட்டிடம் ஏமாந்தவனுக்குத் தூதரகத்துக்கு வழி காட்டுவதும், அப்பா இறந்த செய்தி வந்தவனோடு இரவு முழுக்க உட்கார்ந்திருப்பதும் அப்படியே. தமிழ்நாட்டு ஊழியரான வேதநாயகம் அசரியா 1910-ல் எடின்பரோ மிஷனெரி மாநாட்டில் மேலைநாட்டாரிடம், இத்தனை தியாகம் செய்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். கேம்ப்பில் இருப்பவனுக்கு இன்றும் அதுதான் தேவை.

இந்த வழியிலும் கஷ்டம் உண்டு. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முடிந்து வருகிறவருக்கு ஜெபிக்கவே தெம்பிருக்காது. குழு கிடையாது, மேய்ப்பர் கிடையாது. பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட் ஈசிஆர் வகை, அதாவது வேலைக்குப் போகுமுன் அரசின் குடியேற்ற அனுமதி தேவைப்படும் வகை. அவர்கள் மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளம் வழியாகத்தான் போக வேண்டும். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று அதே தளத்தில் பார்க்கலாம். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் ஆள் எடுக்கிறது.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக் கடன் இல்லாத, தொழில் தெரிந்த பிள்ளைக்குக் கப்பல். குடும்பத்தைத் தாங்க வேண்டிய பிள்ளைக்கு வேலையோடு கூடிய ஊழியம், சபை அவர்களையும் மிஷனெரி என்றே அறிவித்து ஜெபித்து அனுப்பட்டும். இரண்டு வாரப் பயணத்தை, மலையகம் நீங்கலாக, நான் கடைசியில்தான் வைப்பேன். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், வேலையிடத்தில் கன்னடம் என்று வளர்ந்த ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பிள்ளைகள் நான்காவது மொழியை எட்டு மாதத்தில் பிடித்துவிடுவார்கள். அந்த வரத்தை இரண்டு வாரத்தில் என்ன செய்ய முடியும்?

இந்த வருடம் உங்கள் சபை யாரையாவது கப்பலுக்கு அனுப்புவதாக இருந்தால், வழியனுப்பு ஆராதனைக்கு முன்பே எந்தக் குடும்பம் எந்த மாதம் எவ்வளவு தாங்கும் என்று இருபத்து நான்கு மாதத்துக்கும் எழுதி, கையெழுத்து வாங்கி, ஒரு பிரதியை அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.