வெட்டுவதா, திருப்புவதா: ஸ்பார்க் பிளக்கில் செய்யும் இரண்டு மாற்றங்கள்

எஞ்சினில் பெட்ரோல்-காற்றுக் கலவையைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கின் நடு எலெக்ட்ரோடுக்கு (மின்முனைக்கு) மேலே எர்த் பட்டை ஒரு சிறு கூரையைப் போல வளைந்து நிற்கிறது. பொறியிலிருந்து பிறக்கும் சிறு தீக்கரு முதலில் தொடுவது இந்த உலோகத்தைத்தான். தொட்டவுடன் வெப்பத்தை அதற்குக் கொடுத்துவிட்டுச் சற்றே தளர்ந்து பரவுகிறது. இந்தத் தடையைக் குறைக்கப் பட்டறைகளில் கையாளப்படும் வழிகள் இரண்டு. ஒன்று, பட்டையின் நுனியை வெட்டிக் கூரையைக் குட்டையாக்குவது. மற்றொன்று, பட்டையைத் தொடாமல், அதன் திறந்த பக்கம் எரியறையின் சரியான திசையைப் பார்க்கும்படி பிளக்கைத் திருப்பி அமர்த்துவது.

வெட்டும் முறையில், பட்டையின் நுனி நடு எலெக்ட்ரோடின் பாதி வரையோ விளிம்பு வரையோ மட்டும் எட்டும்படி அரத்தால் ராவி, பிறகு ஃபீலர் கேஜ் எனும் அளவுத் தகடு வைத்து இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை மறுபடியும் சரிசெய்கிறார்கள். பொறி கூர்மையான விளிம்பிலிருந்து எளிதாகத் தாவும் என்பதும், குட்டையான பட்டை தன் வெப்பத்தை விரைவாக உடற்பகுதிக்குக் கடத்திவிடும் என்பதும் இம்முறையின் மெய்யான ஆதாயங்கள். ஆனால் தேய்மானம் முழுவதும் அந்த ஒரே விளிம்பில் விழுவதால் இடைவெளி சீக்கிரம் அகன்று, இக்னிஷன் காயில் (பொறிக்கான மின்சுருள்) தர வேண்டிய மின்னழுத்தமும் ஏறிக்கொண்டே போகிறது. ராவும்போது விட்டுப்போன பிசிறு ஒன்று செஞ்சூடாகி, பொறிக்கு முன்பே கலவையைப் பற்றவைத்தால் பிஸ்டனுக்கே கேடு. இந்த வேலையை 2.5 மி.மீ. தடிமனான நடு எலெக்ட்ரோடு கொண்ட சாதாரண நிக்கல் பிளக்கில் மட்டுமே செய்ய வேண்டும், 0.4 அல்லது 0.6 மி.மீ. நுனியுள்ள இரிடியம் பிளக் அரத்தையும் கேஜையும் தாங்காது. தவிர, விளிம்பில் பொறியை வரவழைக்கும் இதே நோக்கத்தை, நடு எலெக்ட்ரோடில் வி வடிவப் பள்ளம் வெட்டி என்ஜிகே நிறுவனமும், எர்த் பட்டையில் யு வடிவப் பள்ளம் வெட்டி டென்சோ நிறுவனமும் ஆலையிலேயே நிறைவேற்றித் தருகின்றன.

திருப்பும் முறைக்குத் தேவை ஒரு மார்க்கர் பேனாவும் பொறுமையும். பட்டையின் திறந்த பக்கத்திற்கு நேராகப் பீங்கானில் ஒரு கோடு போட்டுக்கொண்டு, பிளக்கை முழுமையாக இறுக்கினால், உள்ளே அது எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதை அந்தக் கோடு வெளியிலிருந்தே காட்டிவிடும். 14 மி.மீ., 12 மி.மீ. பிளக்குகளில் மரை ஒரு சுற்றுக்கு 1.25 மி.மீ. இறங்குவதால், கால் சுற்று முன்னதாக நிற்க வேண்டுமானால் ஏறக்குறைய 0.31 மி.மீ. தடிமனுள்ள செம்பு வாஷரைக் கூடுதலாகப் போட வேண்டும். பல சமயம் அதுவும் வேண்டியிருக்காது. புதிய 14 மி.மீ. பிளக்கைக் கையால் இறுக்கிய பிறகு அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு சுற்று வரை முடுக்கலாம் என்பதால், 60 பாகை அளவுக்கு நமக்கு இடம் இருக்கிறது. 14 மி.மீ. பிளக்குக்கு அலுமினிய ஹெட்டில் (எஞ்சினின் தலைப்பகுதியில்) 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் என்ற முடுக்கு வரம்பைத் திசைக்காக மீறவே கூடாது. கோடு சரியாக வரவில்லையே என்று தளர்த்தி விடுவதும் அதே அளவு ஆபத்தானது, ஏனெனில் பிளக்கின் வெப்பம் பெரும்பாலும் இறுகிய மரை, வாஷர் வழியாகத்தான் வெளியேறுகிறது. வாஷர் இல்லாத, கூம்பு அமர்வு கொண்ட பிளக்குகளுக்கு இந்த வழி பொருந்தாது. பலவற்றை மாட்டிப் பார்த்துத் தோதானதைத் தேர்ந்தெடுக்க வேண்டியதுதான்.

எந்தத் திசை? உள்ளிழுக்கும் வால்வை நோக்கி என்பதே பரவலான வழக்கம். இரண்டு வால்வு எஞ்சினில் பிளக் ஓரமாக இருப்பதால், தீ நெடுந்தூரம் ஓட வேண்டிய எரியறை நடுப்பகுதியை நோக்கித் திறப்பதே பொருத்தம் என்று நான் கருதுகிறேன். நான்கு வால்வு எஞ்சினில் பிளக் நடுவிலேயே அமர்ந்துவிடுவதால் திருப்புவதன் பலன் மிகவும் சொற்பம். பிளக்கின் திசையைவிட அது அமரும் இடமே வலிமையானது என்பதற்கு 2003இல் வந்த பஜாஜ் பல்சர் டிடிஎஸ்-ஐ பைக் நல்ல சான்று: ஒரே சிலிண்டரில் இரண்டு பிளக்குகளை வைத்து, தீ கடக்க வேண்டிய தூரத்தையே அந்த வடிவமைப்பு சுருக்கியது. அதை எந்த அரமும் வாஷரும் ஈடுசெய்ய முடியாது.

இரண்டு முறைகளிலும் ஆதாயம் சிறியதே. கலவை ஏற்கெனவே ஒழுங்காகப் பற்றிக்கொண்டிருக்கும் எஞ்சினுக்குப் பொறியை இன்னும் வெளிப்படையாக்குவதால் புதிய ஆற்றல் எதுவும் வந்துவிடாது. எரிதல் சற்று முன்னதாக முடியும், அவ்வளவே. அதைப் பயனாக்க வேண்டுமானால் டைமிங்கை, அதாவது பொறி விழும் நேரத்தை, சற்றுப் பின்தள்ளிச் சரிபார்க்க வேண்டும், அதற்கு எஞ்சின் திறனை அளக்கும் டைனோ வேண்டும். ஒவ்வொரு பந்தயத்திற்கும் பிளக் மாற்றும் வண்டியில் வெட்டும் முறைக்கும் இடம் உண்டு. தினமும் ஓட்டும் வண்டிக்கு நான் திருப்பும் முறையையே பரிந்துரைப்பேன். அது பிளக்கின் ஆயுளில் எதையும் பறிப்பதில்லை, பிடிக்காவிட்டால் பழையபடி மாற்றியும் விடலாம்.

ஆனால் அதற்கும் முன்பு, வண்டியின் கையேடு சொல்லும் இடைவெளியையும் வெப்ப எண்ணையும் பார்த்துவிடுங்கள். என்ஜிகே, டென்சோ பிளக்குகளில் எண் கூடக் கூடக் குளிர்ந்த பிளக், அதாவது வெப்பத்தை விரைவாக வெளியேற்றுவது. பாஷ் பிளக்கில் அது நேர்மாறு. இந்த எண்ணில் தவறு நேர்ந்திருந்தால், கோட்டை எந்தப் பக்கம் திருப்பினாலும் பீங்கான் கரிபிடித்தோ வெளுத்தோதான் வெளியே வரும்.