ஸ்கிரீனில் 120 மில்லி காட்டினால் அப்படியே நம்பிவிடாதீர்கள்

பாளையங்கோட்டையில் பள்ளிகளுக்குக் கேடயம் செய்து கொடுக்கிறேன். மரத்தின் நடுவில் 120 மில்லி நீளம், 40 மில்லி உயரத்துக்குக் குழி எடுத்து, பேர் பொறித்த அக்ரிலிக் தகட்டை அதில் அமுக்கி உட்கார வைப்போம். போன மாதம் ஆண்டுவிழா ஆர்டர், 60 கேடயம். டிசைன் போட்டுத் தருகிற ஒருவரிடம் 600 ரூபாய்க்குப் பேசி, அளவு அரை மில்லிகூட மாறக்கூடாது என்று நாலு தடவை சொல்லித்தான் கொடுத்தேன். லேசரில் வெட்டி வந்த தகட்டைக் குழியில் வைத்தால் கடகடவென்று ஆடுகிறது. வெர்னியர் வைத்துப் பார்த்தேன், 117.8. அறுபதும் அப்படியே.

போய்க் கேட்டால் ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டுகிறார். "120தான காட்டுது அண்ணாச்சி, வெட்டுனவன்ட்ட கேளுங்க." வெட்டியவரோ ஃபைலில் உள்ளபடிதான் மெஷின் ஓடியது என்கிறார். அவர் சொன்னதுதான் உண்மை.

நடந்தது இதுதான். படம் போட்டது இங்க்ஸ்கேப் என்கிற வரைபட மென்பொருளில். அதில் நாம் ஒன்றும் மாற்றாவிட்டால் 'விஷுவல் பவுண்டிங் பாக்ஸ்' கணக்கில்தான் அளவு வரும், அதாவது ஓரக்கோட்டின் தடிமனையும் சேர்த்து. இவர் 2 மில்லி கோடு போட்டிருந்தார். லேசர் கோட்டின் தடிமனைப் பார்க்காது, நடு வழியாகவே போகும். ஆக நீளம் 118, உயரம் 38, அதிலும் லேசர் எரித்த கொஞ்சம் போய்விடும்.

இதைச் சொன்னதும் திருத்தித் தருகிறேன் என்று இன்னொரு 200 வாங்கினார். திருத்தியது என்ன தெரியுமா? நீளப் பெட்டியில் 122 என்று அடித்தார், அவ்வளவுதான். நீளத்தையும் உயரத்தையும் சேர்த்தே மாற்றுகிற பூட்டு பொத்தான் போட்டிருந்ததால் உயரமும் அதே விகிதத்தில் ஏறி 40.67இல் நின்றுவிட்டது, 42 வந்திருக்க வேண்டும். மாதிரிக்கு ஒன்று வெட்டினோம், நீளம் சரி, உயரம் ஒன்றரை மில்லி குறைவு. பணத்தைத் திருப்பிக் கேட்டேன், அப்புறம் போனே எடுக்கவில்லை.

வெட்டக் கொடுக்கும் முன் நீங்களே பாருங்கள். எடிட், ப்ரிஃபரன்சஸ், டூல்ஸ் போய் 'ஜியோமெட்ரிக் பவுண்டிங் பாக்ஸ்' என்று மாற்றினால் கோட்டை விட்டுவிட்டு உருவத்தின் அளவு மட்டும் காட்டும். அது கைவராவிட்டால் ஸ்ட்ரோக்கை, அதாவது ஓரக்கோட்டை, எடுத்துவிட்டு அளவைப் படியுங்கள். பழைய ஃபைல் என்றால் இன்னும் கவனம் வேண்டும், 2017இல் வந்த 0.92 பதிப்பில் அங்குலத்துக்கு 90 பிக்சல் என்பது 96 ஆனது, சரிக்கட்டாமல் திறந்தால் 120 மில்லி 112.5 ஆகிவிடும்.

நான் விழா நாளுக்குள் வேறு அக்ரிலிக் வாங்கி, வேறு ஆளிடம் ஓரக்கோட்டை நீக்கிய ஃபைலைக் கொடுத்து, முதலில் ஒரே ஒரு தகடு வெட்டிக் குழியில் அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் மற்றதை வெட்டச் சொன்னேன். கச்சிதமாக உட்கார்ந்தது. கொடுத்த 800 ரூபாய் இன்னும் வரவில்லை.