நாய்க்கு மனித வலி மாத்திரை: அளவைக் குறைத்தால் போதுமா?

நாய் நொண்டத் தொடங்கும்போதும், வழக்கமாகத் தாவி ஏறும் இடத்தில் தயங்கி நிற்கும்போதும், வீட்டில் இருக்கும் வலி மாத்திரையில் பாதியைக் கொடுத்தால் என்ன என்று தோன்றுவது இயல்பு. அன்பினால் எழும் எண்ணம்தான் அது. ஆயினும் அதன் அடியில் ஒரு கணக்கு இருக்கிறது: நாயின் உடல், எடை குறைந்த மனித உடல் போன்றது, ஆகவே எடைக்கு ஏற்ப அளவைக் குறைத்தால் போதும் என்பதே அந்தக் கணக்கு. பரவலாகப் புழங்கும் மருந்துகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், இது ஒவ்வொன்றிலும் வெவ்வேறு இடத்தில் பிழையாகிறது.

இபுப்ரோஃபென், நாப்ராக்சென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் ஆகியவை ஸ்டீராய்டு அல்லாத அழற்சி நீக்கிகள் என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. சைக்ளோ ஆக்சிஜனேஸ் என்னும் நொதியை மட்டுப்படுத்தி, புரோஸ்டாகிளாண்டின்கள் உருவாவதைக் குறைப்பதே இவற்றின் செயல். வலியையும் வீக்கத்தையும் தூண்டும் அதே புரோஸ்டாகிளாண்டின்கள்தாம் இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காக்கின்றன. உடலில் நீர் குறையும்போதோ இரத்த அழுத்தம் தாழும்போதோ சிறுநீரகத்துக்கு இரத்த ஓட்டம் குன்றாமல் பார்த்துக்கொள்வதும் அவையே. வலியை அடக்கும் அளவுக்கும் இந்தக் காவலை உடைக்கும் அளவுக்கும் இடையே மனிதருக்கு ஓரளவு இடைவெளி உண்டு. நாய்க்கு அந்த இடைவெளி சில மருந்துகளில் மிகவும் குறுகியது.

இபுப்ரோஃபென் இதற்குத் தெளிவான சான்று. நாளொன்றுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 8 மில்லிகிராம் வீதம் 30 நாள்கள் கொடுத்தபோதே நாய்களுக்கு இரைப்பைப் புண் உண்டானது பதிவாகியுள்ளது. 5 கிலோ எடையுள்ள ஒரு நாய் 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை விழுங்கினால், கிலோவுக்கு 40 மில்லிகிராம் ஆகிவிடும். மாத்திரையைப் பாதியாக்கினாலும் 20. கிலோவுக்குச் சுமார் 175 மில்லிகிராமைத் தாண்டினால் சிறுநீரகம் செயலிழக்கும் அபாயமும், 400-ஐத் தாண்டினால் வலிப்பு, மயக்கம் முதலிய நரம்புக் கோளாறுகளும் எதிர்பார்க்கப்படுகின்றன. பல மாத்திரைகள் இனிப்புப் பூச்சுடன் வருவதால், ஒன்றைக் கொடுக்க நினைத்த வீட்டில் நாய் முழு அட்டையையும் கடித்துத் தின்றுவிடுவதும் உண்டு.

நாப்ராக்சென் இதைவிட மோசமானது என்பதே என் கணிப்பு. இங்கே கணக்கைக் கெடுப்பது அளவைவிட நேரம். மனித உடலில் இம்மருந்தின் செறிவு பாதியாகக் குறைய 12 முதல் 17 மணி நேரம் ஆகும். நாயின் உடலிலோ ஏறத்தாழ 74 மணி நேரம், அதாவது மூன்று நாள்கள். கல்லீரலிலிருந்து பித்தநீர் வழியாகக் குடலுக்கு வரும் மருந்து அங்கே மீண்டும் உறிஞ்சப்பட்டு இரத்தத்துக்குத் திரும்புவதே இந்த நீண்ட தங்கலுக்குக் காரணம். இன்று பாதி, நாளை பாதி என்று கொடுப்பவர் தாம் சிறிய அளவுதான் கொடுப்பதாக நம்பிக்கொண்டிருக்கும்போதே, முந்தைய நாளின் மருந்து பெரும்பகுதி உடலில் எஞ்சியிருக்க, அதன்மேல் புதியது சேர்ந்துகொண்டே போகிறது. கிலோவுக்கு 5 மில்லிகிராம் அளவிலேயே குடல் பாதிப்பு தோன்றக்கூடிய மருந்து இது என்பதை இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். டைக்ளோஃபெனாக்கையும் இதே விலக்கப்பட்ட பட்டியலில் வைத்துவிடலாம். இவ்வகைக் களிம்பைப் பூசிய தோலை நாய் நக்குவதைக்கூட அனுமதிக்கக் கூடாது.

ஆஸ்பிரினின் நிலை சற்றுச் சிக்கலானது. நாய்களுக்கென்றே தயாரித்த மருந்துகள் வருவதற்கு முன், கால்நடை மருத்துவர்களே மூட்டு வலிக்கு அதைப் பரிந்துரைத்ததுண்டு. அந்தப் பழைய நினைவு இன்றும் பலரிடம் தங்கியிருக்கிறது. உயிர் போகும் அபாயம் என்ற அளவில் அது இபுப்ரோஃபென், நாப்ராக்சென் இரண்டையும்விடக் குறைந்ததுதான். ஆனால் வழக்கமான அளவிலேயே இரைப்பையில் அரிப்பும் கசிவும் உண்டாக்குகிறது. இரத்தத்தட்டுகளின் செயலை அது மீள முடியாதபடி தடுப்பதால், புதிய தட்டுகள் உருவாகும்வரை இரத்தம் உறைவது பாதிக்கப்படும். அறுவை சிகிச்சை தேவைப்படும் நாய்க்கு இது பெரிய இடையூறு. இரைப்பையைக் காக்கும் என்று நம்பி வாங்கப்படும் மேற்பூச்சு கொண்ட ஆஸ்பிரினோ, நாயின் குடலில் சீராகக் கரைவதில்லை. சில வேளைகளில் முழு மாத்திரையாகவே மலத்துடன் வெளியேறிவிடும். எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது வேறொன்று. ஆஸ்பிரின் கொடுத்த நாய்க்கு மருத்துவர் சரியான மருந்தை உடனே தொடங்க முடியாமல், பெரும்பாலும் ஒரு வாரம் வரை காத்திருக்க நேர்கிறது. நிவாரணம் தரும் என்று கொடுத்த மாத்திரை, உண்மையான நிவாரணத்தைத் தள்ளிப்போடுகிறது.

பாராசிட்டமால் இக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று. இரைப்பையை அது பெரிதாகத் துன்புறுத்துவதில்லை. நாய்களைப் பொறுத்தவரை முழுக்க விலக்கப்பட்ட மருந்தும் அன்று: கால்நடை மருத்துவர்கள் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை தேவைக்கேற்பப் பயன்படுத்துகிறார்கள், பிரிட்டனில் கோடீனுடன் சேர்ந்த பாராசிட்டமால் மாத்திரை நாய்களுக்கென்றே உரிமம் பெற்றுள்ளது. ஆகவே மனித மருந்துகளுள் எது ஓரளவு ஏற்கத்தக்கது என்று வற்புறுத்திக் கேட்டால், இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கும். அதைச் சொல்லும்போதே அதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். 500 மில்லிகிராம் மாத்திரை 30 கிலோ நாய்க்குக் கிலோவுக்கு ஏறத்தாழ 17 மில்லிகிராம். 5 கிலோ நாய்க்கோ 100, அதாவது கல்லீரல் சிதையத் தொடங்கும் அளவு. கிலோவுக்கு 200-ஐ நெருங்கினால் இரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமக்க முடியாத வடிவத்துக்கு மாறி, ஈறுகள் பழுப்பு நிறமாகும், மூச்சு வாங்கும், முகமும் பாதங்களும் வீங்கும். கல்லீரல் நோய் உள்ள நாய்க்கு இந்த எல்லைகள் இன்னும் கீழே இறங்கும். மேலும் மூட்டு அழற்சியை அது அதிகம் தணிப்பதில்லை. நொண்டும் நாய்க்கு அது அரைகுறை உதவியே. அதே வீட்டில் பூனை இருந்தால், ஒரே ஒரு மாத்திரைகூட அதைக் கொன்றுவிடலாம் என்பதை மறக்கக் கூடாது.

மருந்தின் பெயர் ஒன்றாக இருந்துவிட்டால் போதாது என்பதற்கு மெலாக்சிகாம் சான்று. மனிதருக்கும் நாய்க்கும் பயன்படும் அதே மூலக்கூறுதான். ஆனால் நாய்க்கு முதல் நாள் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், அதன்பின் நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம் என்பதே வழக்கமான அளவு. மனித மாத்திரையோ 7.5 அல்லது 15 மில்லிகிராமாக வருகிறது. 5 கிலோ நாய்க்குத் தேவை அரை மில்லிகிராம், 7.5 மில்லிகிராம் மாத்திரையைப் பாதியாக உடைத்தாலும் அது ஏழரை மடங்கு அதிகம். நாய்களுக்கான மெலாக்சிகாம் எடைக் குறியீடு கொண்ட அளவூசியுடன் திரவமாக விற்கப்படுவதன் பயன் இங்கே விளங்கும். அதே வேளையில், மனிதருக்கான திரவ மருந்துகளில் வேறோர் ஆபத்து உண்டு: நரம்பு வலிக்குத் தரப்படும் கபாபென்டின் திரவம் உள்ளிட்ட சிலவற்றில் இனிப்புக்காகச் சேர்க்கப்படும் சைலிட்டால், நாயின் இரத்தச் சர்க்கரையைத் திடீரென்று வீழ்த்தும், கல்லீரலையும் அழிக்கக்கூடும். சளி மாத்திரைகளில் வலி நிவாரணியுடன் கலந்துவரும் சூடோஎபெட்ரின், கஃபீன் ஆகியவையும் நாய்க்கு நஞ்சே.

இவற்றுக்கு எதிர்ப்பக்கத்தில் நாய்களுக்கென்று சோதித்து ஒப்புதல் பெற்ற மருந்துகள் நிற்கின்றன. அமெரிக்காவில் 1996-இல் ஒப்புதல் பெற்ற கார்ப்ரோஃபென் அவற்றுள் நெடுநாள் அனுபவம் உடையது. ஃபிரோகாக்சிப் போன்றவை அதற்குப் பின் வந்தன. இவையும் அழற்சி நீக்கிகளே, இவையும் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். கார்ப்ரோஃபென் அரிதாகச் சில நாய்களின் கல்லீரலைத் தொடக்க வாரங்களிலேயே தாக்குவதுண்டு. ஆயினும் நாயின் உடல் இம்மருந்துகளை எவ்வளவு நேரத்தில் கழிக்கிறது, எத்தனை மடங்கு அளவில் என்ன தீங்கு நேர்கிறது என்பவை நாய்களிடமே அளந்து அறியப்பட்டவை. தொடங்குமுன் இரத்தப் பரிசோதனை செய்து, இடையிடையே திரும்பப் பார்க்கவும் முடிகிறது. 2016-இல் அமெரிக்க ஒப்புதல் பெற்ற கிராபிப்ரான்ட், புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்காமல் அது வலியை உணர்த்தும் ஓர் ஏற்பியை மட்டும் மறிக்கிறது. வாந்தியும் பேதியும் அதிலும் உண்டு. மாதம் ஒருமுறை ஊசியாகப் போடப்படும் பெடின்வெட்மாப் முற்றிலும் வேறு வழியில், நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கட்டுப்படுத்தி மூட்டுத் தேய்மான வலியைக் குறைக்கிறது. ஆனால் தள்ளாட்டம், வலிப்பு முதலிய எதிர்விளைவுகள் பற்றி அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 டிசம்பரில் கால்நடை மருத்துவர்களை எச்சரித்தது. இளம் நாயின் தற்காலிகச் சுளுக்குக்கு முதலில் மெலாக்சிகாமையோ கார்ப்ரோஃபெனையோ கருதுவதும், சிறுநீரகம் தளர்ந்த முதிய நாய்க்கு மற்ற வழிகளை மருத்துவருடன் கலந்து பேசுவதும் பொருத்தமாக எனக்குப் படுகிறது.

மருத்துவரை அடைய முடியாத இரவில், மாத்திரையைத் தவிர மற்றவை எல்லாம் செய்யலாம்: ஓட்டத்தையும் படிகளையும் தவிர்த்து நாயை ஓரிடத்தில் படுக்க வைத்தல், புதிய காயத்தின் மேல் துணியில் சுற்றிய பனிக்கட்டியைச் சில நிமிடங்கள் வைத்தல், குடிநீரை எட்டும் தூரத்தில் வைத்தல். மாத்திரை ஏற்கெனவே உள்ளே போய்விட்டதென்றால், அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டாம். சிறுநீரகப் பாதிப்பு வெளித்தெரிவதற்குச் சில நாள்கள் ஆகலாம், அதற்குள் சிகிச்சைக்கான நல்ல நேரம் கடந்துவிடும். உப்புநீர் புகட்டி வாந்தியெடுக்கச் செய்வது தனியொரு நச்சேற்றமாகவே முடியும். முதல் சில மணி நேரத்துக்குள் கொண்டுசென்றால், பாதுகாப்பாக வாந்தியெடுக்க வைக்கவும், கரித்தூள் கொடுக்கவும், இரத்தக்குழாய் வழியாக நீரேற்றவும், பாராசிட்டமால் என்றால் அசிட்டைல்சிஸ்டீன் என்னும் நச்சுமுறி மருந்தைச் செலுத்தவும் மருத்துவருக்கு வழி உண்டு. மருந்து அட்டையைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். எத்தனை மில்லிகிராம், எத்தனை மாத்திரை, எந்த நேரம் என்பதோடு, முந்தைய நாள்களில் கொடுத்த ஆஸ்பிரினையும் ஸ்டீராய்டையும் தயங்காமல் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அடுத்த ஊசியை மருத்துவர் அதை வைத்தே தீர்மானிப்பார்.